மேம்படுத்தும்போது கணினி ஏன் அணைந்து அணைந்து எழுகிறது?

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறும்போது கணினி சிலமுறை அணைந்து எழும். ஏன்? இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் பிடித்துவைத்திருக்கும் கோப்புகளைப் பொதுவாக விண்டோஸ் மாற்றவிடாது. அதனால் ஒரு சிறிய தற்காலிக இயங்குதளத்தில் கணினி எழுகிறது. பழைய அமைப்பை ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறைக்கு நகர்த்திவிட்டுப் புதியதைப் பழையது இருந்த இடத்தில் வைக்கிறது. மீண்டும் எழும்போது டிரைவர்களும் நம் அமைப்புகளும் குடியேறுகின்றன.

லினக்ஸில் கதை வேறு. கோப்பு பயன்பாட்டில் இருந்தாலும் புதியதை அதே பெயரில் வைத்துவிடலாம். ஓடும் நிரல் பழையதோடே ஓடும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறத்தான் பொதுவாக மறுதொடக்கம் வேண்டும்.

விண்டோஸில் பழைய பதிப்புக்குத் திரும்பிப்போகும் வழி வழக்கமாக 10 நாள்தான் திறந்திருக்கும். பிரிண்டரையும் தமிழ் விசைப்பலகையையும் முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். படங்களுக்கு வெளிவட்டில் பிரதி கட்டாயம் வேண்டும். வட்டு பழுதானால் பழைய கோப்புறையும் சேர்ந்தே போய்விடும்.