தூதும் விமானமும்

திருவள்ளுவர் தூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். நாட்டைக் காக்கப் படைக்கலம் மட்டுமன்றிச் சொல்வன்மையும் வேண்டும் என்பதற்கு, அண்மைக் காலச் சீன வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு.

1937 ஜூலைத் திங்களில் ஜப்பான் சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தது. சீன நகரங்களின்மேல் குண்டுகள் வீழ்ந்தன. எதிர்த்துப் பறக்கப் போதிய விமானங்கள் சீனரிடம் இல்லை. கடல் கடந்த நாடுகளிலிருந்தே அவற்றை வாங்க வேண்டியிருந்தது. போர் விமானம் வாங்குதல் சந்தையிற் பண்டம் வாங்குதல் போன்றதன்று. விற்கும் நாட்டின் அரசு இசைதல் வேண்டும். விலைக்குப் பொருள் வேண்டும். கொண்டுவர வழி வேண்டும். இவற்றைத் தேடும் பொறுப்புத் தூதரைச் சார்ந்தது.

1938 முதல் 1942 வரை அமெரிக்காவில் சீனத் தூதராக விளங்கியவர் ஹூ ஷி. இவர் படைத்தலைவர் அல்லர். மக்கள் பேச்சுமொழியே இலக்கிய மொழியாதல் வேண்டும் என உழைத்த பேரறிஞர். பல ஊர்களிலும் சொற்பொழிவாற்றித் தம் நாட்டின் துயரை அமெரிக்க மக்களுக்கு உணர்த்தினார். 1940-இல் சியாங் கை ஷேக்கின் தனிப் பிரதிநிதியாக டி. வி. சூங் வாஷிங்டன் சென்றார். அவ்வாண்டு நவம்பரில் சீனத்துக்குப் பத்துக் கோடி டாலர் கடன் அறிவிக்கப்பட்டது.

பொருளுக்கு வழி பிறந்தும் விமானம் கிடைப்பது அரிதாயிற்று. ஜெர்மனியோடு பொருத பிரிட்டனும் அமெரிக்க விமானங்களையே நாடி நின்றது. பேச்சு தொடர்ந்தது. முடிவில், தனக்கெனக் கர்ட்டிஸ் நிறுவனம் செய்துவந்தவற்றுள் 100 விமானங்களைச் சீனத்துக்கு விட்டுக்கொடுக்கப் பிரிட்டன் இசைந்தது. ஈடாகப் பின்னர்ப் புதுவகை விமானங்களைப் பெறுவதென முடிவாயிற்று.

சீனத் துறைமுகங்கள் பல பகைவர் கையிலிருந்தமையால், அவ்விமானங்கள் 1941-இல் ரங்கூன் துறைமுகத்தில் பெட்டிகளில் வந்திறங்கின. தமிழர் பலர் பிழைப்புத் தேடிச் சென்று வாழ்ந்த ஊரன்றோ அது! அவ்வூரின் அருகே உறுப்புகள் பொருத்தப்பெற்று, 'பறக்கும் புலிகள்' எனப் பெயர்பெற்ற அமெரிக்கத் தன்னார்வ வீரர்கள் கையில் அவை சேர்ந்தன. அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் குன்மிங் நகரை நோக்கி வந்த ஜப்பானியக் குண்டு விமானங்களை அவ்வீரர்கள் மடக்கினர். முன்னர்ப் போதிய காப்பின்றிக் கிடந்த நகரம் அது.

எனினும் மாணவர்களே, ஒன்றை எண்ணுங்கள். சீனம் விமானம் கேட்ட நாள் ஒன்று. பெற்ற நாள் வேறு. இடைப்பட்ட காலத்தில் மாண்டவர் எண்ணற்றவர். சீனத்தில் விமானத் தொழிற்சாலை நடத்திய வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரின் துணைகொண்டு, 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை நிறுவினார். மைசூர் அரசும் அதிற் பங்கேற்றது. இன்றைய இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் அதன் வழிவந்ததே. பிறர் மனத்தை இசைவிக்கும் தூதும் வேண்டும். பிறர் இசைவுக்குக் காத்திராத தொழிலும் வேண்டும்.