சுவரில் இல்லாத சிலுவை

2015 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. கம்போங் மேடானை ஒட்டிய தாமான் மேடானில், கடைவீட்டில் இயங்கிய தேவாலயத்தின் முன் சுமார் 50 பேர் கூடி, சுவரில் இருந்த சிலுவையை அகற்றச் சொன்னார்கள். சபையார் அன்றே இறக்கினார்கள்.

சுவரில் சிலுவை இல்லாவிட்டால், நாம் கிறிஸ்தவர்கள் என்பதை அண்டை வீட்டார் எப்படி அறிவார்கள்? நம் நடத்தையில்தான்.

அதைச் சோதித்துப் பார்க்க, 1548-இல் அச்சான தம் நூலில் புனித இஞ்ஞாசியார் 5 படிகள் தந்தார்: கடவுளுக்கு நன்றி, தெளிவு வேண்டி மன்றாட்டு, அன்றைய பொழுதை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், மறுநாளுக்கான தீர்மானம்.

படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். வானொலியில் ஊரோடு பேசும் நான் என்னைக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இன்று லிஃப்டில் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசினேனா? பேசவில்லையென்றால், நாளைய தீர்மானம் தயார்.