பெட்ரோல் பம்பை இயக்கும் மின்பெட்டி: பழுதின் காரணமும் மாற்றும் முறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியானவர்கள் பெரிதும் கையாளும் சிறு பாரவண்டிகளுள் போர்ட் எஃப்-150 என்பது ஒன்று. இதன் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களில் ஒரு பழுது அடிக்கடி காணப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இழுவை குன்றித் திடீரென நின்றுவிடும். சில வேளை கிளம்பவே மாட்டாது. பம்பு கெட்டதென்று கருதி டாங்கியை இறக்கிப் புதுப் பம்பு பொருத்துவோர் பலர். பழுது வேறிடத்திலிருப்பின் அச்செலவு முழுதும் வீணாகும்.

இவ்வண்டியில் டாங்கிக்குள்ளிருக்கும் பம்புக்கு மின்சாரம் நேரே செல்வதில்லை. எஞ்சினுக்கு வேண்டிய அளவு எரிபொருள் சேரும்படி, மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவது ஒரு சிறு மின்பெட்டியாகும். கண்ட்ரோல் மாடியூல் என்பது இதுவே. இது வண்டியின் பின்புறத்தில், உபரிச் சக்கரத்திற்கு மேலுள்ள எஃகுக் குறுக்குச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்கிறது.

பெட்டியின் முதுகு அலுமினியத்தாலாயது, சட்டமோ எஃகு. இருவகை உலோகங்கள் ஒன்றையொன்று தொட, இடையில் உப்புநீர் தங்குமாயின், அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். பனிக்காலத்தில் பாதைகளில் உப்புத் தூவும் பிரதேசங்களில் இவ்வரிப்பு மிகுதி. முதுகு துளைபட்டபின் ஈரம் உட்புகுந்து மின்னுறுப்புக்களைக் கெடுக்கிறது.

மாற்றுமுன் சோதிக்க வேண்டியவை:— முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். அடுத்து, மோதலின்போது எரிபொருளை நிறுத்தும் ஸ்விட்சு அதிர்ச்சியால் விலகியிருக்கிறதா எனக் காண வேண்டும். எங்கும் பெட்ரோல் கசியவில்லை என்று நிச்சயித்த பின்னரே அதை மீண்டும் அழுத்தலாம். இவை சரியாக இருந்தும், பெட்டிக்குள் மின்சாரம் வந்து, எஞ்சினின் கட்டளையும் சேர்ந்து, பம்புக்கு மின்சாரம் வெளிச்செல்லாவிடில், பழுது பெட்டியிலேயே உள்ளது.

மாற்றும் முறை:— பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, உபரிச் சக்கரத்தை இறக்குக. மின்கம்பிகளின் இணைப்பைப் பூட்டு நீக்கி மெதுவாக இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தலாகாது. இணைப்பின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பின் அதனையும் சீர்செய்தல் அவசியம். துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஊறியபின் திருப்புக. சட்டத்தைத் துடைத்துப் புதுப் பெட்டியைப் பொருத்துக. பெட்டிக்கும் சட்டத்திற்கும் நடுவே இடைவெளி இருத்தல் முக்கியம். திருத்தியமைத்த பெட்டிகளில் இதற்கெனக் கால்கள் உள்ளன. பழையபடியே எஃகோடு ஒட்டி முடுக்கினால் புதியதும் அவ்வாறே அரிபடும். பின்பு இணைப்புக்களை மாட்டிச் சாவியைத் திருப்பினால், பம்பு சில விநாடி முரலும் ஒலி கேட்கும்.

எச்சரிக்கை:— பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். வேலை நடக்குமிடத்தில் பீடி, சுருட்டு, விளக்குச் சுடர் யாதும் கூடாது.

கடற்கரையை அடுத்த கிராமங்களில் உப்புக்காற்றில் நிற்கும் யந்திரங்களுக்கும் இவ்விதி பொருந்தும். எஃகும் அலுமினியமும் கூடுமிடங்களை உலர்வாகவும் சுத்தமாகவும் வைத்துவரின், யந்திரம் நடுவழியில் நின்று அறுவடைக்காலத்தில் நேரும் நஷ்டத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.