வாடிய ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

வீட்டில் ஒரு செடி வாடினால் நாம் என்ன செய்கிறோம்? உடனே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறோம். மல்லிகைக்கும் துளசிக்கும் அது சரி. ஆனால் ஆர்க்கிட் செடிக்கு அந்த ஒரு செம்புத் தண்ணீரே எமனாகிவிடக்கூடும்!

கோடையில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் காரைக்குடி வெயிலில் ஆர்க்கிட் வளருமா என்று சிலர் கேட்கலாம். வளரும். மலைக்குளிரில் வாழும் வகைகள் மட்டும் இங்கே சரிப்படா. ஏர்க்காட்டில் 1963-ஆம் ஆண்டு ஆர்க்கிட்டுக்கென்றே அரசாங்கத் தாவரவியல் துறை ஒரு தோட்டம் அமைத்தது. அந்த மலைக்காற்று நமக்கு ஏது? ஆனால் டென்ட்ரோபியம், வாண்டா ஆகிய வகைகளில் பல வெப்பத்தைத் தாங்கக் கூடியவை. செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போன சிங்கப்பூரை எடுத்துக் கொள்ளுங்கள். 1893-இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஒரு வாண்டாப் பூவைத்தான் 1981-இல் அந்த நாடு தேசிய மலராக்கியது.

மண் வேண்டாத செடி

வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மண்ணில் வளர்பவை அல்ல. காட்டிலே மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. ஆனால் புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் அதற்கு வெறும் இருக்கைதான். மழை வந்தால் வேர் நனையும். காற்று அடித்தால் காய்ந்துவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும்.

அந்த வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. காய்ந்திருந்தால் அது வெள்ளையாக இருக்கும். நனைந்தால் பச்சையாகும். எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் காற்று இல்லாமல் வேர் அழுகிவிடும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. எனவே தொட்டி நிறைய ஈரம் இருந்தும் இலை சுருங்கி வாடும். அதைப் பார்த்து, தாகம் என்று எண்ணி, நாம் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். மிச்சமிருக்கும் வேரும் போய்விடுகிறது. ஆசையாக வாங்கிய செடிகள் பல இப்படித்தான் சாகின்றன.

இலை சொல்லும் சேதி

அடியிலுள்ள பழைய இலை ஒன்று மட்டும் மெல்ல மஞ்சளானால் பயம் வேண்டாம். அது முதுமை. செடி முழுவதும் வெளிறி மஞ்சள் பூத்தால் வெயில் அதிகம் என்று பொருள். வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் வெளுத்துக் காய்ந்த திட்டு இருந்தால் அது வெயில் சுட்ட புண். இலை கரும்பச்சையாகிப் பூவே வராவிட்டால் வெளிச்சம் போதவில்லை. நுனி மட்டும் கருகினால் தண்ணீரில் உப்பு மிகுதி, அல்லது உரம் மிகுதி.

இலையில் நீர் கோத்தாற் போன்ற திட்டு தோன்றி, தொட்டால் கொழகொழவென்று இருந்து, நாற்றமும் அடித்தால் ஜாக்கிரதை! அது அழுகல் நோய். ஓரிரு நாட்களிலேயே செடி முழுவதும் பரவிவிடும்.

உடனே செய்ய வேண்டியவை

நோயுற்ற செடியை மற்றச் செடிகளிடமிருந்து விலக்கி வையுங்கள். கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். அழுகிய பாகத்தை மட்டும் வெட்டினால் போதாது. நல்ல பாகத்திலும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி நெருப்பில் காட்டுங்கள். இல்லாவிட்டால் கத்தியே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இலையில் வெட்டிய இடத்தில் சமையல் பட்டையைப் பொடி செய்து தூவலாம். வேரில் தூவக் கூடாது. அது வேரைக் காயவைத்துவிடும். தொட்டியைக் கவிழ்த்து, பழுப்பு நிறமாகி நசுங்கும் வேர்களை நறுக்கிவிட்டு, புதிய கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போட்டு நடுங்கள். சில நாள் தண்ணீர் காட்ட வேண்டாம். கடையில் மருந்து வாங்கினால் செடியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். செம்பு கலந்த மருந்து டென்ட்ரோபியத்துக்கு ஆகாது.

டென்ட்ரோபியத்தின் ஒரு தண்டு அழுகினாலும் அடியிலிருந்து வேறு தண்டு கிளம்பலாம். வாண்டாவுக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றே. அது அழுகிவிட்டால் பிழைப்பது கடினம். ஆகையால் குருத்தில் தண்ணீர் தேங்கினால் உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

முற்றம் இருக்கக் கவலை ஏன்?

செட்டிநாட்டு வீட்டின் முற்றம் ஆர்க்கிட்டுக்கு நல்ல இடம். அங்கே வெளிச்சமும் உண்டு, காற்றும் உண்டு. உச்சிவெயிலும் மேற்கு வெயிலும் நேராகப் படாத ஓரமாகப் பார்த்துத் தொட்டியைத் தொங்கவிடுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைக் கொடுங்கள். கூரையிலிருந்து முற்றத்தில் கொட்டும் மழைநீரைப் பிடித்து வைப்பது இந்த வட்டாரத்துக்குப் பழைய வழக்கம் தானே! பிடித்த நீரைக் கொசு புகாமல் மூடி வையுங்கள்.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். இரவுக்குள் இலை காய்ந்துவிடும். கோடையில் தினமும் ஊற்ற வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடியைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். அழுகல் அதிகம் தாக்குவது அப்போதுதான். தேங்காய் மட்டையில் நட்டிருந்தால் அது மக்கிச் சேறாவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

செம்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதலில் வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்கள் வீட்டு ஆர்க்கிட் பல ஆண்டுகள் வாழும். பூத்தால் வாரக் கணக்கில் வாடாமல் நிற்கும்.