வாகடூகுவில் விரிந்த திரை

1955-இல் பவ்லான் வியேரா என்ற இளைஞர் செனகலில் படம் எடுக்க விரும்பினார். அது அப்போது பிரெஞ்சுக் காலனி. காலனிகளில் கேமராவை இயக்க அரசின் முன்அனுமதி வேண்டும் என்று 1934-இலேயே ஆணை போட்டிருந்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பாரிஸிலேயே படம் பிடித்தார், அங்கு வாழ்ந்த ஆப்பிரிக்க இளைஞர்களைப் பற்றி. ஆப்பிரிக்கர்கள் எடுத்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று இப்படிப் புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்தது.

விடுதலை வந்தது. படங்களும் வந்தன. மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிறகு நாவலாசிரியரான ஊஸ்மான் செம்பேன், பிரான்ஸில் வீட்டுவேலைக்குப் போன டாக்கர் நகரப் பெண்ணின் துயரத்தை 1966-இல் படமாக்கினார். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகளில் திரையரங்குகளும் விநியோகமும் பெரும்பாலும் இரண்டு பிரெஞ்சு நிறுவனங்களின் பிடியில் இருந்தன. அவற்றில் ஓடியவை ஹாலிவுட் படங்கள், பிரெஞ்சுப் படங்கள், நம் இந்திப் படங்கள். சொந்தக் கண்டத்தின் படத்துக்கு அங்கே இடமில்லை. படம் எடுப்பதைவிட அதைத் தன் மக்களிடம் கொண்டுசேர்ப்பதே பெரிய போராட்டம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அந்தப் போராட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் ஒரு சின்ன நாட்டின் சினிமா ரசிகர்கள். இன்று புர்க்கினா ஃபாசோ என்று அழைக்கப்படும் அப்பர் வோல்ட்டா, கடல் இல்லாத ஏழை நாடு. அதன் தலைநகர் வாகடூகுவில் படக்கழக நண்பர்கள் சிலர் கூடி, 1969 பிப்ரவரியில் ஆப்பிரிக்க சினிமா வாரத்தைத் தொடங்கினார்கள். அமைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அலிமாத்தா சலம்பேரே என்ற பெண். பரிசு கிடையாது, போட்டி கிடையாது. ஆப்பிரிக்கப் படங்களை ஆப்பிரிக்கர்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

மறு ஆண்டு நடந்தது இன்னும் முக்கியமானது. அரசுக்கும் அந்தப் பிரெஞ்சு நிறுவனங்களுக்கும் தகராறு முற்ற, 1970 ஜனவரியில் நாட்டின் திரையரங்குகளை அரசு தேசியமயமாக்கியது. கஜானா நிறைந்த நாடு செய்த காரியம் இல்லை இது. ரசிகர்கள் மூட்டிய ஆசைக்கு ஓர் அரசு தோள்கொடுத்தது. அது மட்டும் நடக்காதிருந்தால் விழா நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

1972-இல் போட்டி வந்தது. தலைப்பரிசுக்கு யென்னெங்காவின் குதிரை என்று பெயர். யென்னெங்கா, மோசி மக்களின் கதைகளில் வரும் வீர இளவரசி. குதிரையேறிப் புறப்பட்டுப் போய்ப் புதிய குலத்துக்குத் தாயானவள். முதல் குதிரையை வென்றவர் நைஜர் நாட்டின் உமரு கான்டா. புலம்பெயர்ந்த கறுப்பினத்தவரின் படங்களுக்கும் பின்னாளில் தனிப் பரிசு ஏற்பட்டது. அதற்குப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் பெயரை வைத்தார்கள். வியேராவைப் பாரிஸிலேயே படம் பிடிக்க வைத்த வரலாற்றை நினைத்தால், அந்தப் பரிசின் பொருத்தம் மனதைத் தொடுகிறது.

ஃபெஸ்பாக்கோ என்ற பெயரில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, விழா இன்றும் நடக்கிறது. ஆட்சிகள் கவிழ்ந்தன, வன்முறை நாட்டை வாட்டுகிறது, திரை சுருளவில்லை. 2025-இல் குதிரை தானி குயாத்தேயின் 'கட்டாங்கா'வுக்குப் போனது. புர்க்கினா ஃபாசோ படம் ஒன்று அதை வென்று 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் கதைதான். ஆனால் அதில் மன்னர்கள் பேசுவது மோசி மக்களின் மோரே மொழி.