உங்களுக்குத் தெரியுமா? முத்தமிட்ட கடிதம் உள்ளே போகாது!

அமெரிக்கச் சிறையில் இருக்கும் பேனா நண்பருக்குக் கடிதமா? உறையில் பெயர் மட்டும் போதாது; கைதி எண்ணும் வேண்டும். செண்ட் தெளித்த தாள், மினுமினுப்புத் தூள், ஸ்டிக்கர், லிப்ஸ்டிக் முத்தம் எதற்கும் பல சிறைகளில் அனுமதி இல்லை. காதலர்கள் பாடு திண்டாட்டம்தான்! போதைப்பொருள் கரைசலில் தாளை நனைத்து, காயவைத்து அனுப்பும் தந்திரம்தான் இதற்கெல்லாம் முக்கியக் காரணம். பென்சில்வேனியா மாநிலச் சிறைகள் 2018 செப்டம்பர் முதல் சொந்தக் கடிதங்களை நேராக வாங்குவதே இல்லை. அவை ஃபுளோரிடாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போகும். அங்கே பிரித்து ஸ்கேன் செய்வார்கள். கைதியின் கைக்கு வருவது நகல்தான், பிள்ளை கிரேயானில் வரைந்த படமானாலும். வழக்கறிஞர் கடிதத்துக்கு மட்டும் தனி வழி: கைதியின் கண்ணெதிரே பிரிப்பார்கள்.