வீட்டுப் பியர்த் தயாரிப்பும் கருவிப் பிழைகளும்: ஒரு நோக்கு

பிரித்தானியாவில் வீட்டுப் பாவனைக்காகப் பியர் தயாரிப்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றிருந்த விதி 1963 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அங்கு இம்முயற்சியில் ஈடுபடுவோருட் பலர், செறிந்த சாற்றை வாங்கிக் கரைப்பதோடு அமையாது, முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்தே பியரை ஆக்கும் முழுத் தானிய முறையைக் கைக்கொள்கின்றனர். இம்முறையில் விளைவு பிழைக்கும்போது தானியத்தின் மீதோ மதுவத்தின் மீதோ பழி சுமத்தப்படுகின்றது. பல வேளைகளிற் பிழை கருவியிலேயே உள்ளது என்பதை ஈண்டு விளக்க முயல்வோம்.

முதலில் அளவுகருவிகளை நோக்குவோம். நொறுக்கிய தானியத்தைச் சுடுநீரிற் குழைத்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் வைத்திருக்கையில், அதிலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. வெப்பநிலை 70 பாகையை அணுகுமாயின், மோற்றோசு வெல்லத்தை ஆக்கும் நொதியம் விரைந்து செயலிழக்கும். ஆகவே, வெப்பமானி 4 பாகை குறைத்துக் காட்டினாலே தடித்த, மதுசாரங் குறைந்த பியர் கிடைக்கும். வெப்பமானி உருகும் பனிக்கட்டியில் 0 பாகையையும், கடல்மட்டத்திற் கொதிநீரில் 100 பாகையையும் காட்டல் வேண்டும். நீரமானி, தனக்குக் குறிக்கப்பட்ட வெப்பநிலையில், காய்ச்சி வடித்த நீரில் 1.000 எனக் காட்டல் வேண்டும். சூடான சாற்றில் அது குறைத்துக் காட்டும். வாயுக்குமிழிகள் ஒட்டியிருப்பின் கூட்டிக் காட்டும்.

அடுத்து வருவது வடிகலன். சாறு வடியாது நின்றுவிடுதல் பலரும் எதிர்கொள்ளும் இடர். தானியம் மிக நுண்ணியதாக அரைபட்டு உமி சிதைந்திருத்தலும், குழாய் முழுதாகத் திறக்கப்பட்டுத் தானியப் படுக்கை இறுகுதலும் இதன் காரணங்களாம். குழாயை மூடி, சிறிது சுடுநீர் சேர்த்துக் கிளறி, படுக்கை மீண்டும் அமைந்தபின் மெதுவாக வடித்தல் தக்கது.

நொதிகலத்தின் நீர்ப்பூட்டிற் குமிழிகள் எழாமையைக் கொண்டு நொதித்தல் நின்றுவிட்டது என முடிவுசெய்தல் தவறாகும். மூடி சரியாகப் பொருந்தாவிடின் வாயு அவ்வழியே வெளியேறும். குமிழிகளை அன்றி நீரமானியையே நம்புதல் வேண்டும். சில நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவீடுகள் எதிர்பார்த்த அளவிற்குத் தாழ்ந்து ஒத்திருந்தாலன்றிப் போத்தலில் அடைத்தலாகாது. எஞ்சிய வெல்லம் போத்தலினுள் நொதிக்குமாயின், அழுத்தம் மிகுந்து கண்ணாடி வெடித்துக் காயம் விளையலாம். பியர் தொடர்ந்து புளிக்குமாயின், குழாயைக் கழற்றி அதன் புரிகளையும், நெகிழிக் கலத்தின் கீறல்களையும் ஆராய்தல் நன்று.

18 ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் மைக்கேல் கொம்புரூன் பியர்த் தொழிலில் வெப்பமானியின் பயனை வற்புறுத்தினார். 1784 இல் ஜோன் றிச்சட்சன் நீரமானி வகையொன்றின் பயனை விளக்கி நூல் எழுதினார். இக்கருவிகள் பேராலைகளுக்குச் சீரான உற்பத்தியை எளிதாக்கின. இன்று அவை சாதாரண மனிதரின் சமையலறையிலும் உள்ளன. எனினும், கருவியை உடைமையாகக் கொள்வதனால் மட்டும் அறிவு கைவந்துவிடாது. அதன் கூற்றைத் தாமே சோதித்தறியும் வேளையிலேதான் தொழில்நுட்பம் உண்மையில் மக்களுடையதாகின்றது எனலாம்.